வைத்த பிழை

இடுக்கியால் ஒரு மாத்திரையை எடுத்துத் தப்பான அறையில் போடுவதற்கும் சம்பளம் கொடுப்பார்கள் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் அவள் வாய்விட்டுச் சிரித்திருப்பாள். இப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். மருந்துக் கடையின் பின்னறையில், ஜன்னல் இல்லாத சுவரை ஒட்டிய நீள மேஜையில் வார டப்பாக்கள் வரிசையாக இருந்தன. படுக்கையில் கிடப்பவர்களுக்கும் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கும் கடை வாராவாரம் அனுப்பும் டப்பாக்கள். கிழமைக்கு ஒரு வரிசை, வேளைக்கு ஓர் அறை, மேலே, உள்ளிருப்பது தெரிகிற மூடி. டெக்னீஷியன் நிரப்புவாள், பார்மசிஸ்ட் கடைசியாக ஒருமுறை பார்த்து அனுப்புவாள். இத்தனை வருஷமாக அந்தக் கடைசிப் பார்வைதான் அவள் வேலை. இன்றைக்கு அவளே பிழை வைக்க வேண்டும், இந்தக் கடையின் டெக்னீஷியனான அவளுடைய நாத்தனார் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து கடைசிப் பார்வை நாத்தனாருடையது.

ஏரியா மேனேஜர் இதை விளக்கிய அழகு இருக்கிறதே! அண்ணியும் நாத்தனாருமாகச் சேர்ந்து அவருக்கு வைத்த பெயர் பல்லழகன். ஆள் சேர்க்கும்போதும் சிரிப்பார், ஆளைக் கழிக்கும்போதும் அதே சிரிப்பு, பற்களின் எண்ணிக்கைகூட மாறாது. "இது உங்களுக்கு விடுதலை மேடம். டப்பாவயே பாத்துப் பாத்துக் கண்ணு போயிடுச்சுல்ல? அத டெக்னீஷியன் பாத்துக்கட்டும். நீங்க முன்னாடி கண்ணாடி ரூம்ல உக்காந்து ஜனங்களோட பேசுங்க, ஊசி போடுங்க, அப்படியே ரெண்டு விட்டமின் டப்பாவயும் எடுத்துச் சொல்லுங்க." புதினா மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "மத்தபடி மூணு கடைக்கு ஒரு பார்மசிஸ்ட் போதும், ஸ்க்ரீன்லயே பாத்துக்கலாம். யாருங்கறத அப்புறம் பேசுவோம்." அந்த 'அப்புறம்' என்ன என்று அவளுக்குத் தெரியாதா? மற்ற இரண்டு கடைகளிலும் இருப்பவர்கள் அவளைவிட வயதில் சின்னவர்கள், சம்பளத்திலும் சின்னவர்கள்.

நாத்தனார் தேறாவிட்டால் என்ன ஆகும் என்று அவள்தான் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. "சர்டிபிகேட் இல்லாத டெக்னீஷியன வெச்சுக்கிட்டு நான் என்ன மேடம் பண்றது? அனுப்பிட வேண்டியதுதான். ஆனா அப்ப இந்தக் கடைக்கு முழுநேர பார்மசிஸ்ட் வேணும்." அதற்கும் சிரிப்பு. அந்தந்தக் கடை டெக்னீஷியனுக்கு அந்தந்தக் கடை பார்மசிஸ்ட்தான் பரீட்சை வைக்க வேண்டுமாம், அதுதான் விதியாம். சொந்தக்காரர்கள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "இன்னும் நல்லதாப் போச்சு, நம்பிக்கை இருக்கும்ல?" என்றார். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா? இரண்டு பேரை ஒரு குழியின் ஓரத்தில் நிறுத்திவிட்டு, யார் யாரைத் தள்ளுகிறார்கள் என்று மிட்டாய் சப்பிக்கொண்டு பார்க்கிற ஜென்மம்.

நாத்தனாரை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவள்தான். ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே கடை. காலையில் குளியலறைக்கு யார் முந்துவது என்ற சண்டையை மத்தியானம் மருந்து அலமாரிக்கு முன்னால் முடித்துக்கொள்வார்கள். போன மாதம்தான் நாத்தனார் இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பார்த்து முன்பணம் கொடுத்திருந்தாள். அண்ணன் வீட்டை விட்டுத் தனக்கென்று ஒரு கதவு, ஒரு பூட்டு. "சாவிய எங்க வெச்சேன்னு உங்ககிட்ட கேக்காம நானே தேடணும்னு ஆசையா இருக்கு அண்ணி" என்றாள். இன்று காலை அந்த அண்ணன், அவள் கணவன், சட்டைப் பொத்தானைப் போட்டபடி, "என் தங்கச்சிக்கு ரொம்பக் கஷ்டமா வெச்சுடாத" என்றான். பரீட்சை பரீட்சைதான் என்று அவள் வெடுக்கென்று சொன்னாள். அவன் அதைப் பகடி என்று எடுத்துக்கொண்டான்.

முதலில் ஒழுங்காகத்தான் வைத்தாள். ஓர் அறையைக் காலியாக விட்டாள். காலை மாத்திரையை மாலைக்கு மாற்றினாள். ஒரே பெயர்கொண்ட இரண்டு பேரின் சீட்டுகளை மாற்றி ஒட்டினாள். பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிற, கண் உள்ளவர் யாரும் பிடிக்கக்கூடிய பிழைகள். எல்லாவற்றையும் மேனேஜர் கொடுத்த தொடுதிரை டேப்பில் பதிந்தாயிற்று, இன்னும் ஒன்றுதான் பாக்கி. அப்போதுதான் அவள் கை இதய மாத்திரை புட்டிக்குப் போனது. துடிப்பை அடக்கும் சின்ன வெள்ளை மாத்திரை. இரட்டை அளவிலும் அதே வடிவம், அதே வெள்ளை. வித்தியாசம் ஒரு பக்கத்தில் பதித்திருக்கும் எண் மட்டும். இரட்டை அளவை எடுத்து வியாழக்கிழமை இரவு அறையில் போட்டாள். எண் மேலே தெரிந்தது. ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இடுக்கியால் அதைப் புரட்டி, எண் அடியில் போகும்படி வைத்து மூடினாள். டேப்பில் அதையும் பதிந்தாள்.

புரட்டிப் பார்த்தால் தெரியும். ஆனால் யார் புரட்டுகிறார்கள்? அவளே புரட்டுவதை எப்போதோ விட்டுவிட்டாள். ஒரு பார்வை, ஒரு தட்டு, அடுத்த டப்பா. கல்லூரியில் கண் விழித்துப் படித்ததெல்லாம் கடைசியில் அந்தத் தட்டலாகச் சுருங்கியிருந்தது. அதைத்தான் ஒருத்தி பறித்துக்கொள்கிறாள் என்று வயிறு எரிகிறதே, த்தூ, என்ன மனசு இது என்று தன் மீதே காறித் துப்பலாம் போல இருந்தது. ஆனாலும் டப்பாவைத் திறந்து மாற்றவில்லை. நியாயமான பரீட்சை என்றால் இதுவும்தான் இருக்க வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

பரீட்சை நடக்கும்போது அவள் உள்ளே இருக்கக் கூடாது. கண்ணாடி அறையில் உட்கார்ந்து, பின்னறைக் கதவின் இடுக்கு வழியாகத் தெரிந்த மட்டும் பார்த்தாள். நாத்தனார் கூந்தலை இறுகக் கட்டிக்கொண்டு குனிந்திருந்தாள். மேனேஜர் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு, விற்பனைக்கு வந்த விட்டமின் மிட்டாய் டப்பா ஒன்றை உடைத்து, ஒவ்வொன்றாகத் தின்று விரலை நக்கினார். நக்கிய விரலாலேயே டேப்பைத் தடவினார். நடுவில் போன் வந்து எழுந்து போய் யாரிடமோ கெக்கெக்கென்று சிரித்துவிட்டு வந்தார். ஒரு மனுஷியின் சோறு அந்த மேஜையில் இருக்கிறது, இந்த ஆளுக்கு அது பொழுதுபோக்கு.

முடிந்ததும் அவர் கண்ணாடி அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "பயங்கரமான பொண்ணு மேடம். எல்லாத்தயும் புடிச்சுட்டா, ஒண்ணத் தவிர. இதய மாத்திரை. ஆபத்தான பிழை ஒண்ண விட்டாலும் பெயில்னு ரூல்." பிறகு குனிந்து, ஏதோ கூட்டாளியிடம் பேசுவதுபோல, "நம்பர அடியில வெச்சீங்க போல? நானே எதிர்பாக்கல. கெட்டிக்காரிதான் நீங்க" என்றார். புதினாவும் மிட்டாயும் கலந்த மூச்சு முகத்தில் அடித்தது. வாழ்க்கையில் இப்படி அருவருப்பான பாராட்டை அவள் வாங்கியதில்லை. வேலை பிழைத்தது என்று உள்ளே எங்கோ ஓர் ஆறுதல் வேறு வந்து தொலைத்தது, அதுதான் அவளுக்கு இன்னும் அசிங்கமாக இருந்தது.

டப்பா நோயாளி வீட்டுக்குப் போவதற்கு முன் அந்த மாத்திரையை எடுத்தாக வேண்டும். கைகழுவும் திரவத்தை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்துக்கொண்டே பின்னறைக்குப் போனாள். மூடியைத் திறந்து வியாழக்கிழமை இரவு மாத்திரையை இடுக்கியால் புரட்டினாள். சரியான எண். இன்னொரு முறை புரட்டினாள். டப்பா மாறிவிட்டதோ என்று பெயர்ச் சீட்டைப் பார்த்தாள். அதே டப்பாதான். வைத்த பிழை அங்கே இல்லை.

"அண்ணி." நாத்தனார் பின்னால் வந்து நின்றிருந்தாள். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து மடித்த டிஷ்யூ ஒன்றை எடுத்து அவள் கையில் திணித்தாள். "பயப்படாதீங்க, நான் மாத்திட்டேன். அந்தாளு போன்ல இருந்தாரு, பாக்கல."

"நீ பாத்தியா இத?"

"பொரட்டிப் பாக்காம எந்த டப்பாவ விட்டிருக்கேன்?" நாத்தனார் குரலை இன்னும் தாழ்த்தினாள். "அது நீங்க வெச்ச பிழை இல்லன்னு பாத்தவொடனே தெரிஞ்சுபோச்சு. அவசரத்துல கை மாறிப் போட்டிருக்கீங்க. அத நான் பதிஞ்சா அந்தப் பல்லழகன் உங்க லைசென்ஸுக்கே ஆப்பு வெச்சிருவான். அதான் வாயத் தொறக்கல."

"வெச்சதா இருந்தா?" என்று கேட்டாள். கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"போங்க அண்ணி! நம்பர அடியில மறைச்சு வேணும்னே யாரு வைப்பாங்க? கொலைகாரத்தனமால்ல இருக்கும்?" நாத்தனார் சிரித்தாள். "சாயங்காலம் ரூமுக்குத் திரைச்சீலை வாங்கணும், கூட வரணும் நீங்க. எனக்குக் கலர் பாக்கத் தெரியாது."

மடிப்பைப் பிரித்து மாத்திரையை உள்ளங்கையில் எடுத்தாள். டிஷ்யூ கீழே விழுந்தது. ஈரக் கைக்குள் மாத்திரை மட்டும் இருந்தது. இப்போதே சொல்லிவிடு, இவளிடம் சொல், அந்த ஆளிடம் போய்ச் சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் தன் இடம் போகும். அது மட்டுமா, நம்பரை மறைத்த கதையைத் தன் வாயாலேயே இவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதற்குள் மேனேஜரே டேப்பை ஏந்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"ரெண்டு பேருமே இருக்கீங்களா, நல்லது. ரொம்ப வருத்தமா இருக்கும்மா." வருத்தத்துக்கும் அதே பற்கள். "எல்லாம் சரியாத்தான் பண்ணுனீங்க. ஒண்ணே ஒண்ணு கைவிட்டுப்போச்சு. வியாழக்கிழமை ராத்திரி மாத்திரை. இந்த மாசத்தோட முடிச்சுக்க வேண்டியிருக்கும்."

நாத்தனார் அவரைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். புரியாமல் பார்த்த கண்கள் புரிந்துகொண்டு பார்ப்பதற்கு அதிக நேரம் ஆகவில்லை. அதன் பிறகும் அவள் பார்வையை எடுக்கவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மேனேஜரிடம் எல்லாம் வெளிவந்திருக்கும். சொல்லவில்லை. யாராவது சொல்வார்களா என்று காத்திருப்பதுபோல நின்றாள்.

"மேடம், ரிசல்ட்டுக்கு ஒப்புதலா கட்டைவிரல வெச்சீங்கன்னா முடிஞ்சுது." டேப் அவள் முன்னால் நீண்டது.

அவள் கையை விரித்தாள். மாத்திரை ஈரத்தில் கரைந்து, பிசைந்த மாவாக உள்ளங்கை முழுக்க அப்பியிருந்தது. விரல் எப்படிப் போனது என்று தெரியாது. போய்க் கண்ணாடியில் பட்டது. டேப் ஒருமுறை கூவியது. விரலைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கவும் என்று ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொன்னது. மேனேஜர் டேப்பைச் சட்டையில் தேய்த்து மறுபடி நீட்டினார்.

மேஜை ஓரத்துப் பெட்டியிலிருந்து நாத்தனார் புது டிஷ்யூ ஒன்றை உருவினாள்.

"தொடச்சுக்கோங்க அண்ணி" என்று நீட்டினாள்.