ஒரே கட்டத்தில் இருந்தவர்கள்

உழவர் நிறுவனத்தின் பொதுக்குழு திருமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் நேரில் வந்திருந்தார்கள். திருப்பூர், சென்னை என்று பிழைக்கப் போன பங்குதாரர்கள் செல்போனில் சேர்ந்து, மேடைத் திரையில் ஆளுக்கொரு கட்டமாகத் தெரிந்தார்கள். கேமராவையும் இணைப்பையும் கவனிக்க மதுரையிலிருந்து ஆர்த்திகா வந்திருந்தாள்.

பேரையூரில் இருக்கும் நிறுவனத்தின் பருப்பு மில்லைத் திருமங்கலத்துக்கு மாற்றுவதுதான் அன்றைய தீர்மானம். நெடுஞ்சாலைப் பக்கம் இருந்தால் லாரிக்கு வசதி என்றார் தலைவர் பாண்டியராஜன். அதில் பொய்யில்லை.

மண்டபத்தில் கை தூக்கினார்கள். போனில் இருந்தவர்கள் பட்டனை அமுக்கினார்கள். மாற்றலாம் என்ற பக்கம் சற்றுக் கூடுதலாக இருந்தது. முடிவை அறிவிக்கத் தலைவர் மைக்கை எடுத்தார். திரையின் ஓரக் கட்டத்தில் பல முகங்கள் முண்டுவதைப் பார்த்த ஆர்த்திகா, அங்கிருந்து வரும் ஒலியைத் திறந்துவிட்டாள்.

"முனியாயி பேசுறேன். மில்லுல இருந்து பேசுறோம். நாங்க அம்புட்டுப் பேரும் பங்கு போட்டவகதான். இருக்கது ஒரு போனு. ஒருக்கா அமுக்கினா ஒரு ஓட்டுத்தான விழுகுது, மத்தவக ஓட்டு?"

"நேர்ல வந்திருக்கலாம்லம்மா," என்றார் தலைவர்.

"லோடு ஏத்தணும், யாரும் லீவு போடக் கூடாதுன்னு நீங்கதானண்ணே சொன்னீக."

தலைவர் மைக்கை இறக்கினார். ஆர்த்திகா சொன்னாள்: "ஒவ்வொருத்தரா கேமரா முன்னால வந்து பேரையும் எந்தப் பக்கம்னும் சொல்லட்டும்ணே. ஓட்டச் சேத்துக்கிரலாம்."

சாப்பாடு ஆறிப்போகும் என்று யாரோ முனகினார்கள். முன்வரிசையில் இருந்த டி. கல்லுப்பட்டி மலையாண்டி, மாற்றலாம் என்று கை தூக்கியவர்தான், திரும்பிப் பார்த்தார். "ஆறட்டும் மாப்ள. அவுக சொல்லி முடிக்கட்டும்."

ஒவ்வொருவராக வந்தார்கள். அழகம்மாள் முகத்தில் ஒட்டியிருந்த பருப்புத் தூசியை முந்தானையால் துடைத்துவிட்டு, மாற்ற வேண்டாம் என்றாள். இன்னொருத்தி, தன் மகள் திருமங்கலத்தில் இருப்பதால் மில் அங்கே போவதுதான் தனக்குத் தோது என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளை முறைத்தார்கள். அந்த ஓட்டும் சேர்க்கப்பட்டது.

தீர்மானம் தோற்றது. மில் பேரையூரிலேயே இருக்கும் என்று தலைவர் அறிவித்தார். மில்லில் பெண்கள் கை தட்டிய சத்தம், இணைப்புத் தாமதத்தால், மண்டபத்தில் எல்லாரும் எழுந்த பிறகுதான் வந்து சேர்ந்தது.

ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆர்த்திகாவிடம் பாண்டியராஜன் வந்தார்.

"கேமரா பிடிக்கத்தானம்மா உன்னயக் கூப்பிட்டோம்."

"ஆமாண்ணே. கேமராவுல தெரிஞ்சதத்தான் சொன்னேன்."

"சாப்பிட்டுப் போ," என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அடுத்த ஆண்டு பொதுக்குழுவுக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். அதில் ஆர்த்திகாவுக்கு வருத்தம் இருந்தது. ஒருநாள் ஒரு கல்யாணத்துக்குக் கேமரா பொருத்திக்கொண்டிருந்தபோது, மலையாண்டி அந்தக் கூட்டத்தின் அழைப்பிதழைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். ஒரே போனில் பலர் சேர்வதானால் எல்லார் பெயரையும் முன்பே தெரிவிக்கலாம் என்று அதில் போட்டிருந்தது. அவள் படித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.