சனிக்குப் போனவனின் மனைவி கேட்டது

1

இந்தக் கதையை நான் பொறாமையால்தான் எழுதத் தொடங்கினேன். அதை மறைத்து, தமிழ்ச்சேவை, விஞ்ஞான வளர்ச்சி என்றெல்லாம் முன்னுரை எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

என் பெயர் அமிர்தலிங்கம். சுவா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணி. போன மாதம் லாரியில் படக்காரர்கள் வந்தார்கள். தொழிலாளர்களைக் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுத் திடலில் வெள்ளைத்துணி கட்டி ஓர் ஊமைப்படம் காட்டினார்கள். விஞ்ஞானி ஒருவன் இரும்புக் கப்பல் செய்து, மனைவியைப் பூமியில் விட்டுவிட்டுச் சனி கிரகத்துக்குப் போகிற படம். தோட்டம் தோட்டமாகக் கூட்டம் அலைமோதியது. அதையே நாவலாக எழுதித் தந்தால் போடுகிறேன் என்றார், சிரம்பானை ஒட்டிய ராசாவில் அச்சுக்கூடம் வைத்திருக்கும் மணியம். படத்தில் வரும் இங்கிலீஷ் எழுத்தை எங்கள் தோட்டத்தில் வாசிக்கத் தெரிந்த ஒரே தமிழன் நான். ஆகவே நாவல் எனக்கே உரியது என்று நம்பினேன்.

ஜஹாங்கீர் என்றொருவன் இருப்பதை மறந்துவிட்டேன்.

2

ஜஹாங்கீர் படக்காரர்களோடு வருகிற கதைசொல்லி. துணியோரம் நின்று, தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு, ஊமைப்படத்தில் வருகிற எல்லாருக்கும் அவனே பேசுவான். அவனுக்கு இங்கிலீஷ் வராது. [இது என் ஊகம். ஆனாலும் இந்த வரியை அடிக்க மனமில்லை.]

முதல் வரைவு: “சனி கிரகம் தன் வளையங்களோடு—”

நான் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுகிறவன். என் மனைவி நீலாவதி உள்ளேயிருந்து கேட்டாள்.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா சனியனையா எழுதுவீங்க? அவரு போனது சுக்கிரனுக்குலா.”

போனது சனிக்குத்தான். ஆனால் ஒருவன் சனியைத் தேடிப் போகிறான் என்றால் நம் சனம் திடலை விட்டு எழுந்து போய்விடும். அதனால் ஜஹாங்கீர் அதைச் சுக்கிரனாக்கிவிட்டான். வளையத்தைச் சுக்கிரனின் ஒட்டியாணம் என்றான். அதற்குக் கைதட்டல் வேறு.

இரண்டாம் வரைவு: “பச்சை வெளிச்சத்தில் மிதந்த அந்த உலகம்—”

[அடித்துவிட்டேன். படம் கறுப்பு வெள்ளை. பச்சை என்று சொன்னவன் அவன்.]

மூன்றாம் வரைவு: “மார்கரெட் கண்ணீர் உகுத்து—”

“மார்கரெட்டா? அது யாரு?”

“கதாநாயகி.”

“பூங்கோதைன்னு நல்ல பேரு இருக்கையில அத ஏன் மாத்துறீங்க?”

பேனாவை மூடி வைத்தேன். என் தலைக்குள் ஓடிய படத்தில்கூட அவன் குரல்தான் கேட்டது.

3

விடைபெறும் காட்சிதான் என் கழுத்தை அறுக்கிறது. துணியில் தெரிந்த எழுத்து வெறும் ‘சென்று வாருங்கள்’ என்கிற அளவுக்குத்தான். ஜஹாங்கீர் குழலைக் கீழே வைத்துவிட்டு, வெறும் வாயால், பூங்கோதை கேட்பதாக மெதுவாகச் சொன்னான்:

“ராவைக்கு அரிசி ஒரு ஆளுக்குப் போடவா, ரெண்டு ஆளுக்கா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

பெண்கள் பக்கம் விம்மல் கிளம்பியது. வேலை வாங்குவதில் யாருக்கும் அசையாத மண்டோர் வீரமுத்து துண்டில் மூக்கைச் சிந்தினார். கதாநாயகன் பதில் சொல்லாமல் இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அந்த இடத்துக்கு நான் ‘பிரிவெனும் பெருங்கடல்’ என்று தொடங்கிப் பக்கம் பக்கமாக எழுதினேன். ஒன்றும் தேறவில்லை. படித்தவன் நான், அந்த வாக்கியம் மட்டும் அவனுக்கா?

4

“அரிசி கிரிசியெல்லாம் நாவலுக்கு ஆகாது. ஜஹாங்கீருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்” என்றேன் நீலாவதியிடம்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “அது அவரு சொந்தமா சொன்னதில்லீங்க. நான் சொன்னது.”

படக்காரர்கள் வந்தால் கிராணி வீட்டில் மதியச் சோறு போடுவது தோட்டத்து வழக்கம். நாங்கள் அறுக்கும் கோழி முஸ்லிமான ஜஹாங்கீருக்கு ஆகாதென்று அன்று அவள் மீன்குழம்பு வைத்திருந்தாள். நான் தோட்டத்து வேலையாகச் சிரம்பானுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து அவள் அப்படிக் கேட்டாளாம். நான் வெளியே கிளம்பும்போதெல்லாம் கேட்பாளாம்.

[‘கேட்பாளாம்’ என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? எனக்கு நினைவில்லை.]

ஜஹாங்கீர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். அவளை ஏறெடுத்துப் பார்த்திருந்தால் நான் சண்டைக்காவது போயிருக்கலாம். அவன் பார்க்கவில்லை. கேட்டிருக்கிறான். இதற்கு எந்தப் பஞ்சாயத்தில் போய் நிற்பது?

“திடல்ல அதக் கேட்டதும் ஒனக்கு எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு. நம்ம பேச்சக்கூட ஒருத்தர் காதுல வாங்கியிருக்காரேன்னு.”

எனக்கு நன்றாக இல்லை.

5

முடிவு இரண்டு இருக்கிறது. படத்து எழுத்துப்படி கதாநாயகன் திரும்பவே இல்லை. ஜஹாங்கீர் சொன்னபடி நம்மூர் லிங்கி ஆற்றங்கரையில் கப்பல் இறங்க, பூங்கோதை ஓடி வருகிறாள். இரண்டாவதுதான் விற்கும் என்கிறார் மணியம். எதை எழுதினாலும் அரிசி வாக்கியம் இல்லாமல் நாவல் நிற்காது. போட்டாலோ, ஜஹாங்கீரிடம் திருடினேன் என்று ஊர் சொல்லும். என் வீட்டுப் பேச்சுக்கு நான் திருடன்.

சரி, கதாநாயகனின் பதிலையாவது நான் எழுதுவேன், அதை ஜஹாங்கீர் சொல்லவில்லையே என்று உட்கார்ந்தேன். வரவில்லை. வெட்கத்தை விட்டு நீலாவதியிடமே கேட்டேன்.

“அந்த எடத்துல அவன் என்ன பதில் சொல்லியிருக்கணும்?”

“அவன விடுங்க. நான் கேட்டது ஒங்களத்தானே?”

கதாநாயகனின் பதில்: “…………………………”

வாசகரே, அந்த இடத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். எனக்கு அடுக்களையில் வேலை இருக்கிறது. உங்களுக்கு நல்ல வாக்கியமாக ஏதாவது வந்துவிட்டால், தயவுசெய்து ஜஹாங்கீர் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.