லஞ்ச் சீட் இல்லாத கல்யாணம்

வட்டவளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எந்த விசேஷம் நடந்தாலும், தட்டின் மேல் லஞ்ச் சீட் என்கிற பொலித்தீன் தாளை விரித்துத்தான் சோறு போடுவார்கள். சாப்பிட்டதும் தாள்களெல்லாம் ஓடைக்குப் போகும். போன மழையில் அவை பாலத்தடியை அடைத்துக்கொள்ள, தண்ணீர் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் புகுந்தது. அன்று முழங்கால் சேற்றில் நின்று தாள்களை இழுத்துப் போட்டவர்களில் றொசானாவும் ஒருத்தி.

தன் கல்யாணத்துக்கு லஞ்ச் சீட்டே வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

“அத்தன தட்டையும் யாரு புள்ள கழுவுறது?” என்றார் அப்பா அமிர்தநாதன்.

“நான் கழுவுறேன்பா.”

“நல்லாருக்கு! கல்யாணப் பொண்ணு தட்டு கழுவுறதா?”

கல்யாணத்தன்று முதல் பந்தி முடிந்தது. அடுத்த பந்திக்கு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கழுவிய தட்டு ஒன்றுகூட இல்லை. அமிர்தநாதன் கையைப் பிசைந்தார். றொசானா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

அதற்குள் மாப்பிள்ளை டிலக்ஷன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, தண்ணீர் கொட்டும் பீலிக்கே போய்விட்டான்.

“மாமா, சவுக்காரம் எங்க இருக்கு?” என்று அங்கிருந்து கத்தினான்.

அமிர்தநாதன் சவுக்காரத்தோடு ஓடினார். மாப்பிள்ளையின் கூட்டாளிகளும் கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார்கள். பேண்ட் வாத்தியக்காரர்கள் பீலிப் பக்கம் வந்து நின்று வாசித்தார்கள். றொசானா கழுவினாள், டிலக்ஷன் துடைத்தான். இருவர் முகத்திலும் நுரை. படம் பிடிப்பவருக்குச் சிரிப்பில் கை ஆடியது.

மறுவாரம் மேல் லயத்தில் ஒரு சடங்கு வீடு. அந்த வீட்டு அம்மா தட்டு இரவல் கேட்டு வந்தார்.

“தட்டு தாறோம்க்கா,” என்றாள் றொசானா.

“மாப்பிள்ளையும் வருவாருல்ல?” என்று கேட்டார் அவர்.