ஓர் அலங்காரச் செடி தொடர்பான விளக்கம்

1

இதை நான் கதையாக எழுதத் தொடங்கவில்லை. 1997 ஒக்டோபரில் நகரசபை அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த கடிதத்துக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்றைக்குப் பதினேழு பக்கம் ஆகிவிட்டது.

கடிதத்தில் இரண்டே கேள்விகள். எங்கள் ஒழுங்கையில், தீயணைப்புத் தண்ணீர்க்குழாய் இருக்கிற நிலக்குழிக் கிடங்குக்குள் ஒரு மரக்கிளையை நட்டவர் யார்? தீப்பிடித்த அன்று அதைப் பிடுங்கியவர் யார்? முப்பது நாளுக்குள் பதில் வேண்டும். பிடுங்கியவர்கள் தீயணைப்புப் படையினர் என்றால் அன்றைய செலவு முழுவதும் நட்டவர் தலையில் விழும், விசயம் குவெஸ்தூராவுக்கும் போகும். இந்த நாட்டில் தங்கியிருக்க எங்களுக்குத் தருகிற அனுமதி, பெர்மெஸ்ஸோ, அதைப் புதுப்பிக்கிற பொலிஸ் கந்தோர் அது. வீட்டாரே பிடுங்கியிருந்தால், பிடுங்கியவர் தன் முகவரியோடு கையெழுத்து வைத்தால் போதும். கோப்பை மூடிவிடுவார்கள்.

இரண்டு கேள்விக்கும் விடை எனக்குத் தெரியும். பிறகு ஏன் பதினேழு பக்கம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மேல்மாடியில் இருக்கிற ஏர்னஸ்ற்தான் இத்தாலியனில் மாற்றித் தரப்போகிறவன். மன்னார்ப் பிள்ளை. பதினாலு வருசமாக ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தைக் கூட்டித் துடைத்து, அங்கே கிடக்கிற கடிதங்களை வாசித்து வாசித்தே கடித நடை பழகியவன். என் முதல் பக்கத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டினான்.

"ஐயா, 'நான்' எண்டு எழுதக்கூடாது. இஞ்சை கந்தோர்க் கடிதமெண்டால் 'கீழே கையெழுத்திடும் இன்னார்' எண்டுதான் எழுதுவினம். அவர் போனார், அவர் செய்தார். அப்பிடி."

"ஆரடாப்பா அந்த அவர்?"

"நீங்கள்தான் ஐயா."

ஆகவே வாசிக்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். கீழே பேரின்பநாயகம் என்று வருகிறவர் நான்தான். முழுக்க நானா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. அடைப்புக்குறிக்குள் வருகிறவன் மட்டும் சந்தேகமில்லாமல் நான்.

2

முதல் தொடக்கம்: கீழே கையெழுத்திடும் பேரின்பநாயகம், வயது அறுபத்து மூன்று, ஊரில் பட்டினசபையின், வீடு வளவுக்கு அறவிடுகிற சோலைவரிப் பகுதியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர், எவரிடமும் ஒரு தேத்தண்ணிகூட வாங்கிக் குடிக்காமல்

(வெட்டிவிட்டேன். அதை அவர்கள் கேட்கவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: கன்னிக்கால் என்பது, கலியாணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்து, வீட்டின் வடகிழக்கு மூலையில், முள்முருக்கங் கிளையொன்றை மஞ்சள் துணியும் மாவிலையும் கட்டி, குழிக்குள் நவதானியமும் ஒரு காசும் போட்டு, பால் வார்த்து நடுவது. நட்டதை இடையில் பிடுங்கினால்

(இடையில் பிடுங்கினால் என்ன ஆகும்? கூடாது என்று மட்டும்தான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். ஏன் கூடாது என்று நானும் கேட்கவில்லை. கந்தோர்க் கடிதத்தில் 'கூடாது' என்று எழுதி நிறுத்த முடியாது.)

மூன்றாம் தொடக்கம்தான் நிலைத்தது.

3

இந்தச் சிசிலி நகரத்தில், பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற அந்த ஒழுங்கையில், இரண்டாம் மாடியில், பேரின்பநாயகம் மனைவி அம்பிகையோடும் ஒரே மகள் துசானியோடும் குடியிருந்தார். மகளுக்கு இருபத்திரண்டு வயது. இதே நகரத்தில் ஒரேத்தோப் பக்கம் இருக்கிற எங்கள் ஆட்களின் நல்ல குடும்பம் ஒன்றில் சம்பந்தம் பொருந்திற்று. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் தாலிகட்டு. அதற்கு முந்திய புதன் காலையில் கன்னிக்கால்.

கிளைக்குத் தட்டுப்பாடு இல்லை. அம்பிகை வேலை செய்கிற வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் தோட்டத்தில், முள்முருக்கைப் போலவே சிவப்பாகப் பூக்கிற மரம் ஒன்று நின்றது. தட்டுப்பாடு மண்ணுக்குத்தான். கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் கல்.

"பல்கனியிலை பூச்சாடி கிடக்குத்தானே, அதுக்குள்ளை வையுங்கோவன்" என்றாள் அம்பிகை.

"என்ரை மகளுக்குச் சாடிக்குள்ளையோ கன்னிக்கால்? சம்பந்தி பகுதி வந்து பாத்தால் என்ன சொல்லுவினம்?"

"சம்பந்தி வீட்டிலை வாளிக்குள்ளை நட்டிருக்கினமாம்."

"அது அவையின்ரை மரியாதை. இது எங்கடை மரியாதை."

அப்போதுதான் அவர் அந்தக் கிடங்கைக் கண்டார். வீட்டு வாசலுக்குச் சரியாக வடகிழக்கே, ஒழுங்கைக் கற்களுக்கு நடுவில், ஒரு முழச் சதுரம். மூடி இல்லை. உள்ளே மண்ணும் கோவா இலையும் நிறைந்து கிடந்தன. தெய்வமே இடம் விட்டு வைத்திருப்பதாக அவர் நினைத்தார்.

(மூடி எங்கே போனது என்று பிறகு கேட்டு அலைந்தேன். நகரசபையில், வீதி எங்களுடையது, மூடி தண்ணீர்க்காரருடையது என்றார்கள். தண்ணீர்க்காரர், குழாய் எங்களுடையது, கிடங்கு வீதிக்காரருடையது என்றார்கள். மீன்காரன் தன் தராசு மேசைக்கு முட்டுக் கொடுத்திருக்கும் இரும்பைக் காட்டி, இது ஒருவருடையதும் அல்ல என்றான். மூவர் சொன்னதும் எனக்கு நியாயமாகவே பட்டது. குழப்பம் கூடியதற்கு அதுவும் காரணம்.)

பொது வீதி என்றபடியால் பேரின்பநாயகம் சும்மா நடவில்லை. ஏர்னஸ்றைக் கூட்டிக்கொண்டு நகரசபைக்குப் போய், பொது நிலத்தைப் பாவிப்பதற்கான வரியை ஆறு நாளுக்கு, இரண்டு சதுர மீற்றருக்குக் கட்டினார். அந்த ஒழுங்கையில் அந்த வரியைக் கட்டிய முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். தோடம்பழம் விற்கிறவன் ரசீதை வாங்கி மற்றவர்களுக்கு உயர்த்திக் காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். அது பாராட்டா பகிடியா என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது.

"என்னத்துக்கு நிலம் எண்டு கேட்டதுக்கு என்ன சொன்னனீ?" என்று திரும்பி வருகிற வழியில் ஏர்னஸ்றைக் கேட்டார்.

"அலங்காரச் செடி எண்டு சொன்னனான் ஐயா. கன்னிக்காலை விளங்கப்படுத்தப் போனால் கந்தோர் பூட்டியிடும்."

4

புதன் காலை எல்லாம் முறைப்படி நடந்தது. கிடங்குக்குள் தண்ணீர்க்குழாய் இருக்கிறது என்று எவரும் அவரிடம் சொல்லவில்லை.

(இந்த வசனத்தை நாலு நாளாக வெட்டுகிறேன், திரும்ப எழுதுகிறேன். பொய். துசானி சொன்னாள்.)

புதன் காலை எல்லாம் முறைப்படி நடந்தது. கிடங்கைத் தோண்டும்போது துசானி படியில் வந்து நின்றாள். பதினொரு வயதில் இந்த நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் அவள்.

"அப்பா, அதுக்குள்ளை குழாய் கிடக்கு. நெருப்பு அணைக்கிற ஆக்கள் தண்ணி எடுக்கிறது. சுவரிலை தகடும் அடிச்சிருக்கு, பாருங்கோ."

"கலியாணப் பொம்பிளை இதிலை நிண்டு கதைக்கிறேல்லை. உள்ளுக்குப் போ."

"ஏதும் நெருப்புக் கிருப்புப் பிடிச்சால்?"

"வாயைக் கழுவு. நல்ல காரியத்திலை என்ன கதை கதைக்கிறாய்?"

அவள் உள்ளே போனாள். அவர் பால் வார்த்தார்.

5

வெள்ளி பின்னேரம், அந்தக் கட்டடத்தில் சந்தைக்காரர் பலகைப் பெட்டிகள் அடுக்குகிற கீழ் அறையில் நெருப்புப் பிடித்தது.

(எங்கள் குசினியில் அல்ல. எங்கள் விளக்கிலிருந்தும் அல்ல. தீயணைப்புப் படையின் அறிக்கையிலும் அப்படியே இருக்கிறது. இந்த இடத்தை மட்டும் ஏர்னஸ்ற் ஒரு எழுத்தும் மாற்றக்கூடாது.)

அந்த அறைக்கு நேர் மேலே, முதலாம் மாடியில், கத்தரீனா என்ற சிசிலியக் கிழவி தனியே இருந்தாள். முழங்காலில் வருத்தம், படியிறங்க மாட்டாள். புகை அவளுடைய யன்னலுக்குள் போய்க்கொண்டிருந்தது. தீயணைப்பு வண்டியால் சந்தை முகப்பு வரைக்கும்தான் வர முடிந்தது. வண்டியில் இருந்த தண்ணீர் முடிகிற நிலை. இரண்டு பேர் இன்னொரு குழாயைத் தூக்கிக்கொண்டு சுவர்த் தகட்டைப் பார்த்து ஓடிவந்தார்கள். தகடு காட்டிய இடத்தில், மஞ்சள் துணி கட்டி, சந்தனம் பூசி, கன்னிக்கால் நின்றது.

இந்த இடத்தில்தான் கதை நாலாகப் பிரிகிறது.

முதல் விதம்: தீயணைப்பு வீரர் ஒருவர் கிளையைப் பிடுங்கி எறிந்தார். சம்பந்தி வீட்டுக்கு அன்றிரவே சொன்னது இதுதான். சம்பந்தி கொஞ்ச நேரம் யோசித்து, "அரசாங்கத்தின்ரை கை பட்டதெல்லோ. அதிலை குற்றமில்லை" என்றார். ஞாயிறு தாலி ஏறிற்று. (இதை எழுதினால் மானம் இருக்கும். பெர்மெஸ்ஸோ இருக்குமா தெரியாது. அந்த வீரர்மேல் பொய் சொன்னதாகவும் ஆகும்.)

இரண்டாம் விதம்: பேரின்பநாயகம் ஒரு கணமும் தாமதிக்காமல் தன் கையாலேயே பிடுங்கினார். (இதை எழுதும்போது கை நன்றாக ஓடிற்று. அரைப் பக்கம் எழுதினேன். நல்ல தமிழ். ஆனால் ஒழுங்கை முழுதும் பார்த்துக்கொண்டு நின்றது. தோடம்பழக்காரன் சாட்சி சொல்ல வருவான்.)

மூன்றாம் விதம்: நிலைமையை உணர்ந்த பேரின்பநாயகம் மகளைக் கூப்பிட்டு, பிடுங்கு என்றார். தகப்பன் சொற்படி அவள் பிடுங்கினாள்.

மூன்றாம் விதத்தைத்தான் சுத்தமாகப் படியெடுத்து வைத்தேன். பிடுங்கியவள் அவள்தான், ஆகவே அதில் பாதி உண்மை. கோப்பும் மூடப்படும். ஒரு சங்கடம் இருக்கிறது. அவள் கையெழுத்தோடு அவள் இப்போது இருக்கிற ஒரேத்தோ முகவரியும் போக வேண்டும். நகரசபையின் பதில் அந்த வீட்டுக்கே வரும். மருமகன் வாசிப்பார், மாமியார் கேட்பார். கலியாணப் பெண் தன் கன்னிக்காலைத் தானே பிடுங்கினாள் என்பது எங்கள் ஆட்களுக்குள் கேள்விப்படாத காரியம். ஆனாலும் தகப்பன் சொல்லிச் செய்தாள் என்று இருந்தால், பழி தகப்பனோடு நிற்கும். அவளும் அடக்கமான பிள்ளையாகவே தெரிவாள். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

6

நேற்றுப் பின்னேரம் துசானி வந்தாள். படியெடுத்த தாளைக் கொடுத்தேன். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தாள். எங்கள் எழுத்தை அவள் மெதுவாகத்தான் வாசிப்பாள். வாசித்து முடித்துத் திரும்ப மேலிருந்து தொடங்கினாள்.

"அப்பா, நீங்கள் சொல்லித்தான் நான் புடுங்கினதெண்டு கிடக்கு."

"ஓம்."

"நீங்கள் சொல்லேல்லை."

"அப்பன் சொல்லிச் செய்ததெண்டால் உனக்கும் மரியாதைதானே பிள்ளை."

"நீங்கள் என்ன செய்துகொண்டு நிண்டனீங்கள் எண்டு ஏன் எழுதேல்லை?"

குசினிக்குள் இருந்து அம்பிகையின் குரல் வந்தது.

"ரசீதை நீட்டிக்கொண்டு நிண்டவர். நான் யன்னலாலை பாத்தனான்."

(ஆகவே நாலாம் விதம். கீழே கையெழுத்திடும் பேரின்பநாயகம், கன்னிக்காலுக்கு முன்னால் நின்று, நகரசபை தந்த வரி ரசீதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, குழாயோடு வந்த வீரரின் முகத்துக்கு நேரே நீட்டினார். திங்கட்கிழமை வரைக்கும் நிலம் தன்னுடையது என்று தமிழில் சொன்னார். அந்த வீரர் தாளைப் பார்த்தார், கிளையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மேலே கத்தரீனா இருமுவது கேட்டது. ஐயரைக் கூப்பிட்டு ஒரு பரிகாரம் செய்த பிறகு எடுக்கலாம், ஒரு பத்து நிமிசம் என்றும் பேரின்பநாயகம் சொன்னார். சொன்னேன்.)

"நீ என்னைத் தள்ளினனீ" என்றேன் மகளிடம். அவ்வளவு நாளும் ஒருவரும் வாயால் சொல்லாத சொல் அது.

"ஓம், தள்ளினனான். விழுந்திருப்பியளோ எண்டு பிறகுதான் பயம் வந்தது." தாளை மடித்து என் பக்கம் தள்ளினாள். "மாமி அறிஞ்சால் ஏசுவா. ஏசட்டும். நான் அந்த வீட்டிலை இருந்து சமாளிப்பன். கையெழுத்தும் வைப்பன் அப்பா. ஆனால் ஆரும் சொல்லி நான் செய்யேல்லை எண்டு எழுதினால்தான் வைப்பன்."

"தகப்பனைத் தள்ளினவள் எண்டு அரசாங்கக் கடதாசியிலை கிடக்கவேணுமோ?"

"கிழவி உயிரோடை கிடக்கிறா. அதுவும் கடதாசியிலை கிடக்கட்டும்."

சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, தாயிடம் ஒரு வாய் தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். கோபமாகப் போனாளா, இல்லையா என்று அம்பிகையைக் கேட்டேன். "அவளைக் கேளுங்கோ" என்றாள்.

7

இன்று முப்பதாவது நாள். கந்தோர் பன்னிரண்டு மணிக்குப் பூட்டும். போகிற வழியில் ஒரேத்தோவில் அவளிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஏர்னஸ்ற் வாசலில் நின்று அவசரப்படுத்துகிறான். "ஐயா, ரெண்டு வசனம்தானே வேணும். நீங்கள் என்ன புராணமோ எழுதுறியள்?"

முதலாவது கேள்விக்கு எழுதிவிட்டேன். நட்டவர்: பேரின்பநாயகம். அதற்கு எனக்கு ஒரு நிமிசமும் எடுக்கவில்லை. பிழை செய்தவன் என்று என் பேரை எழுத எனக்கு வெட்கம் இல்லை என்று அப்போதுதான் கண்டேன்.

இரண்டாவதற்கு, மூன்றாம் விதத்துத் தாள் இடப்பக்கம் இருக்கிறது. அதைக் கொண்டுபோனால் அவள் கையெழுத்து வைக்கமாட்டாள். கோப்பு திறந்தே கிடக்கும், ஆனால் ஊரில் எனக்கு ஒரு பேர் இருக்கும். வலப்பக்கத்துத் தாளில் ஒரு வசனம் தொடங்கியிருக்கிறேன். அதை முடித்தால் அவள் வைப்பாள். முடிக்க வேண்டிய சொற்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளை தகப்பனுக்குச் செய்ததாக எவரும் எழுதாத சொற்கள் அவை. அவற்றை எழுதினால் அவள் பழிக்கப்படுவாளா, மதிக்கப்படுவாளா என்று என்னால் தீர்க்க முடியவில்லை. நான் நினைத்த மரியாதை எங்கே இருந்தது, எங்கே இல்லை என்பதும் இப்போது தெரியவில்லை.

இவ்வளவையும் வாசித்தவர் நீங்கள். உங்களுக்கு என் குடும்பத்தின் பேரைக் காப்பாற்ற வேண்டிய கடமை இல்லை. ஆகவே பேனையை உங்கள் பக்கம் வைக்கிறேன். முடித்தபின் எனக்குக் காட்ட வேண்டாம். உறையை ஒட்டி ஏர்னஸ்றிடம் கொடுத்துவிடுங்கள். என் கையால் வந்தது இவ்வளவுதான்:

கீழே கையெழுத்திடும் பேரின்பநாயகம் வழியை மறித்து நின்றபோது, அவருடைய மகள் துசானி, எவரும் சொல்லாமல், அவரை