பூசாத மாடி

அன்றைய ஊராட்சிக் கூட்டத்தில் மூன்று பேச்சு. வீட்டு வரி சரியாக வரவில்லை, தண்ணீர்த் தொட்டிக்கு ஆள் கிடைக்கவில்லை, நர்ஸ் ஜெஸ்ஸிக்கு வீடு கிடைக்கவில்லை. முதல் இரண்டும் வருசா வருசம் பேசிப் புளித்தவை. மூன்றாவதுதான் தலைவி கௌசல்யாவுக்குப் பெரிய கவலை. இதற்கு முன் இருந்த இரண்டு நர்சுகளும் திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்து அலுத்து, மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஜெஸ்ஸி திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் கௌசல்யாவின் மகள் பவித்ராவுக்கோ ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது.

“ஊருக்குள்ள ஒரு வீடு கூடவாண்ணே இல்ல?”

“இருந்தா குடுக்க மாட்டமா தாயி?” என்றார் துணைத் தலைவர் பெருமாள்சாமி, மேசையைப் பார்த்துக்கொண்டே.

கௌசல்யாவுக்கு மனதில் ஒன்று உறுத்திவிட்டால் அதைத் துருவாமல் சோறு இறங்காது. வீட்டுக்கு நடக்கும்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனாள். பூசாத மாடி மட்டும் பதினேழு. செங்கல் தெரிய, கம்பி நீட்டிக்கொண்டு நின்றன. அத்தனை பேருக்குமா சரியாக மாடிச் சுவரோடு காசு தீர்ந்துபோகும்? ஒரு மாடியில் ஜன்னல் திரை வேறு ஆடிக்கொண்டிருந்தது. அவள் வீட்டு மாடியும் பூசாததுதான். புருசன் கண்ணன் ஆறு வருசமாக ‘அடுத்த பொங்கலுக்குப் பூசிரலாம்’ என்கிறார். அது வேறு கதை என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் தண்ணீர்த் தொட்டி வழிகிறதா என்று மேலிருந்து பார்க்க வேண்டும் எனச் சொல்லி, பெருமாள்சாமி வாயைத் திறப்பதற்குள் அவர் வீட்டு மாடிப்படி ஏறிவிட்டாள். கதவைத் தள்ளினால் உள்ளே டைல்ஸ், ஃபேன், அடுப்பங்கரை, குளியலறை எல்லாம் இருந்தன. ஆள்தான் இல்லை.

“யாருக்குண்ணே இது?”

“மகனுக்கு. பெங்களூர்ல இருந்து வந்தா தங்கணும்ல.”

“எப்ப வந்தான்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “போன சித்திரைக்கு முந்தின சித்திரை.”

“அப்பறம் ஏன் வெளிய பூசல?”

“பூசுனா வீடு முடிஞ்சதா ஆயிரும். மாடிக்கும் வரி எழுதிருவாக. வாடகைக்கு விட்டாலும் தெரிஞ்சுபோகும்.” அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “இதென்ன தாயி, தெரியாத மாதிரி கேக்குற? எனக்கு இந்த யோசனையச் சொன்னதே ஒம் புருசன்தான!”

கௌசல்யாவுக்குச் சுருக்கென்றது. ஊரையெல்லாம் அண்ணாந்து பார்த்தவள் தன் வீட்டைப் பார்க்கவில்லை. நேரே ஊராட்சி அலுவலகம் போய்ச் செயலர் மரியசெல்வத்திடம் கேட்டாள்.

“பூச்ச யாரு பாக்குறா? கூரை போட்டாலே வரி உண்டும்மா” என்றார் அவர். “யாரும் எழுதிக் குடுக்கல. நானும் ஏறிப் பாக்கல.”

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இல்லாத ஒரு சட்டத்துக்குப் பயந்து பதினேழு வீட்டுச் சுவரும் வருசக்கணக்கில் மழையில் நனைந்திருக்கிறது!

“மொதல்ல என் வீட்ட எழுதுங்க” என்றாள்.

மத்தியானம் கண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “தலைவியே தனக்கு வரி கூட்டிக்கிட்டான்னு ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். நர்சு நம்ம மாடியிலயே தங்கட்டும். பவித்ராவுக்கு வலி எடுத்தா, நர்சு வார பஸ்ஸ எதிர்பாத்து ரோட்டுல நிக்க என்னால ஆகாது.”

கண்ணன் சாப்பிட்டுக் கை கழுவியதும் மாடியில் கிடந்த புளி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தார்.

சனிக்கிழமை ஜெஸ்ஸி வந்து பார்த்தாள். குழாயைத் திறந்து மூடினாள், ஜன்னலைத் தள்ளிக் காற்று வருகிறதா என்று பார்த்தாள். பிறகு வெளியே எட்டிச் செங்கல்லைத் தொட்டாள்.

“உள்ள இம்புட்டு நல்லா இருக்கு. ஏங்க்கா இத்தன வருசமா பூசாமலே விட்டுட்டீங்க?”

‘காசு பத்தல’ என்ற சொல் பழக்கத்தில் கௌசல்யாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

“வரிக்குப் பயந்துதான்மா.”

சொன்னதும் முகம் சூடாகிவிட்டது. கீழே முற்றத்தில் பவித்ரா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெல்ல நடந்துகொண்டிருந்தாள். ஜெஸ்ஸி அவளைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பார்த்தாள்.

“பூச்செல்லாம் மெதுவா ஆகட்டும்க்கா” என்றாள். “நான் நாளைக்கே வந்திர்றேன்.”