படத்துக்கு விட்ட இடம்

முன்கூடத்துச் சுவரில் படம் மாட்டுவதற்கென்று விட்டுவைத்திருந்த இடத்தின் அடியில், எலக்ட்ரீஷியன் பக்கிரி சிறிய சிவப்பு பல்பு ஒன்றைப் பொருத்திவிட்டு ஏணியிலிருந்து இறங்கினான். படத்தின் மேல் வெள்ளை வெளிச்சம் விழும்படி ஒரு விளக்கு வேண்டும் என்றுதான் மலர்க்கொடி சொல்லியிருந்தாள்.

“யக்கா, ஃபேன் சுச்சுலயே சேத்து உட்டுருக்கேன். ராப்பகலா எரிஞ்சாலும் கரண்டு ஜாஸ்தி இழுக்காது.”

அவன் வேலையைக் குறை சொன்னது போலாகிவிடுமே என்று அவள் தயங்கினாள். “நல்லா இருக்குப்பா” என்று சொல்லி, டீயும் கொடுத்து அனுப்பினாள். இறந்தவர்களின் படத்தடியில் எரிகிற பல்பு அது. ஒற்றை ஆளின் படம் என்று கேட்டதுமே அவன் கை பழக்கத்தில் அதைத் தேடி எடுத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சிதம்பரத்திலிருந்து மகள் அனுப்பிரியாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். பத்து நாட்களாக மலர்க்கொடிக்கு அந்தக் கூடத்தைத் தவிர வேறு நினைப்பில்லை. பழைய பச்சைச் சுவருக்கு இளம் ஊதா அடித்தாயிற்று. வாசலுக்கு மணித் திரை, ஜன்னலில் பிளாஸ்டிக் திராட்சைக் கொடி, எதிர்ச்சுவரில் புதுக் கடிகாரம் என ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஆனால் இவையெல்லாம் அந்தப் படத்துக்குத் துணைதான். பெண்ணின் தகப்பனார் சிப்காட்டில் சாயக் கம்பெனி ஒன்றில் ஆபரேட்டர் என்று கேட்டதும், “கெமிக்கல் கம்பெனியா?” என்று மாப்பிள்ளையின் தாயார் இழுத்த இழுப்பைத் தரகர் வந்து அப்படியே சொல்லிக் காட்டியிருந்தார். இருபத்தைந்து வருடம் விபத்தில்லாமல் வேலை பார்த்ததற்காகக் கணவர் ராஜவேல் கேடயம் வாங்கியவர். வாங்கிய அன்று பதினோரு பேரோடு நின்று எடுத்த படத்திலிருந்து அவரை மட்டும் பிரித்துப் பெரிதாக்கி, உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டால் அந்த இழுப்புக்குப் பதிலாகிவிடும் என்று அவள் நம்பினாள்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டுதான் திங்களன்று பஸ் ஏறிச் சிதம்பரம் போனாள். கீழ வீதி ஸ்டூடியோவில் சிற்சபேசன் என்ற பெரியவர், “இவரு மட்டும் போதுங்களாம்மா?” என்று மிகவும் தணிந்த குரலில் கேட்டார். கடைக்காரர்களிடம் இவ்வளவு மரியாதையை அவள் கண்டதில்லை. அவர் நீட்டிய சீட்டில் பெயருக்கு ஒரு கோடு, பிறந்த தேதிக்கு ஒரு கோடு, அதற்குக் கீழே தலைப்பே இல்லாமல் இன்னொரு கோடு. அது எதற்கு என்று கேட்டால் விவரம் தெரியாதவள் என்று எண்ணிவிடுவாரோ? படம் எந்த நாளுக்கு வேண்டும் என்பதற்காக இருக்கும் என்று தானே முடிவுசெய்து வெள்ளிக்கிழமைத் தேதியை எழுதிக் கொடுத்தாள். வியாழக்கிழமை போய் வாங்கியபோதும், செய்தித்தாள் சுற்றிக் கட்டியிருந்த படத்தை அங்கேயே பிரித்துப் பார்த்தால் அவரைச் சந்தேகிப்பது போலிருக்கும் என்று பிரிக்கவில்லை.

வீட்டில் பிரித்தாள். நீல வானத்தின் நடுவே ராஜவேல் சிரித்துக்கொண்டிருந்தார். இரு பக்கமும் குத்துவிளக்குகள். கீழே பொன் எழுத்தில் அச்சாகியிருந்தது:

தோற்றம் 14.06.1958. மறைவு 05.02.2010.

துக்கத்தோடு வருகிறவர்களிடம் அந்தச் சொல்லை நீட்ட வேண்டாம் என்றுதான் சிற்சபேசன் தன் சீட்டில் அந்தக் கோட்டுக்குத் தலைப்பு போடாமல் விட்டிருக்கிறார் என்பது அவளுக்கு அப்போது புரிந்தது.

ராஜவேல் படத்தை இரு கையாலும் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “அடேங்கப்பா, நாளைக்கேவா? ஒரு வாரம் டைம் குடுத்துருக்கலாமே மலரு.” சிரித்தார். சிரிப்பு வழக்கம்போல் இருமலில் போய் முடிந்தது.

“வாயக் கழுவுங்க. என்னாங்க, நாளைக்கு வேலைக்குப் போவாதீங்க. பொண்ணு பாக்க வராங்கன்னு சொல்லுங்க.”

“நாளைக்கு டேங்க் கிளீனிங்கு. உத்திராபதி போன மாசம் வந்தவன், அவனத் தனியா உட்டுட்டு நான் இங்க பஜ்ஜி துன்னுகினு ஒக்காந்திருக்கவா? போட்டோவுல தேதி போட்டுருக்குன்னு லீவு லெட்டரு எழுதச் சொல்றியா?”

“அப்பா, விளையாடாதீங்க,” என்றாள் அனுப்பிரியா.

படத்தைப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிடலாம் என்றாள் மலர்க்கொடி. “ஃபேன் போட்டதும் வெறுஞ் செவுத்துல செவப்பு பல்பு எரிஞ்சா, அது என்னான்னு கேக்க மாட்டாங்களா?” என்று சொல்லி, அவரே ஏணியில் ஏறித் தன் படத்தை மாட்டினார். கீழே நின்று, நேராக இருக்கிறதா என்று அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. பொன் எழுத்துகள் தெரியாதபடி அனுப்பிரியா பிளாஸ்டிக் மல்லிகைச் சரம் ஒன்றைச் செலோடேப்பால் ஒட்டினாள். ஒட்டி முடித்து விலகி நின்றபோதுதான், படத்துக்கு இப்போது பூவும் வந்துவிட்டது என்பதை மூவரும் பார்த்தார்கள்.

காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, “ரெண்டு மணிச் சங்கு ஊதுனா பத்தே நிமிஷம், வந்து நிப்பேன்,” என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார். கம்பெனியின் ஆறு மணிச் சங்கு ஒரே ஒரு முறை ஊதி நின்றதும் அனுப்பிரியா புதுக் கடிகாரத்தை அதோடு சரியாகப் பொருத்தினாள்.

இரண்டரை மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒன்றரைக்கே வேனில் வந்து இறங்கினார்கள். “மூணு மணிக்கு எமகண்டம் பொறந்துடுதும்மா. அதுக்குள்ள பாத்துட்டுக் கெளம்பிடலாம்னுதான்,” என்றபடி மாப்பிள்ளையின் தாயார் தைலம்மாள் மணித் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கூடம் புழுங்கியது. வந்தவர்களைப் புழுக்கத்தில் உட்கார வைப்பது எப்படி? மலர்க்கொடி ஃபேனைப் போட்டாள். பல்பும் எரிந்தது.

தைலம்மாள் உட்காரவில்லை. படத்தின் முன் போய் நின்று, கண்களை மூடிக் கை கூப்பினார். கூட வந்தவர்களும் எழுந்து நின்றார்கள்.

“எப்பம்மா தவறுனாரு? தரகர் எங்ககிட்ட சொல்லவே இல்லியே.”

“ஐயோ, இல்லீங்க. அவரு வேலைக்குப் போயிருக்காருங்க. ரெண்டு மணிக்குச் சங்கு ஊதுனதும் வந்துடுவாருங்க.”

கூப்பிய கைகளைத் தைலம்மாள் சட்டென்று கீழே இறக்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டார். “மன்னிச்சிக்கம்மா. பூவு, லைட்டு எல்லாம் பாத்துட்டு...”

“பரவால்லீங்க. எங்க தப்புதாங்க. உக்காருங்க.”

உட்கார்ந்தார்கள். பஜ்ஜித் தட்டில் ஒருவரும் கை வைக்கவில்லை. ஜன்னல் வழியாக, பழுத்து அழுகிய பழத்தைப் போன்ற ஒரு வாடை வந்தது. சிப்காட் பக்கமிருந்து எப்போதும் வருகிற வாடைதான். இன்று சற்றுத் தூக்கலோ என்று மலர்க்கொடிக்குப் பட்டது. வந்தவர்களில் ஒருவர் கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோய், பிறகு மரியாதைக்காகக் கீழே இறக்கினார்.

அப்போது சங்கு ஊதியது.

“சங்கு ஊதிடுச்சி பாரு! அப்பன்னா வந்துடுவாரு,” என்று தைலம்மாள் முகம் மலர்ந்து ஒரு பஜ்ஜியைக் கையில் எடுத்தார். மற்றவர்களும் கலகலப்பானார்கள். மலர்க்கொடியும் சிரிக்க முயன்றபடியே எதிர்ச்சுவரைப் பார்த்தாள். புதுக் கடிகாரத்தில் இரண்டு மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. உள்ளறை வாசலில் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி நின்ற அனுப்பிரியாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கு நிற்கவில்லை. ஃபேன் காற்றில் செலோடேப் ஒரு முனையில் உரிந்து, மல்லிகைச் சரம் படத்தை விட்டு மெதுவாகச் சரிந்து, மறுமுனையில் தொங்கி ஆடியது. சிவப்பு வெளிச்சத்தில் பொன் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.