தேங்காயெண்ணெய் வண்டி

செம்புச் சுரங்கத்தை மூடவைத்ததற்காக அரசாங்கம் எங்களை முற்றுகையிட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. எங்கள் போகன்வில் தீவுக்குக் கப்பல் வராது. டீசல், உப்பு, சோப்பு, மருந்து எதுவும் வராது. மூன்றே மாதத்தில் கையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் நினைத்தார்கள். நாங்கள் தேங்காயைத் துருவிப் பிழிந்து, காய்ச்சி, பழைய சட்டைத் துணியில் வடிகட்டி லாரியில் ஊற்றினோம். லாரி ஓடியது. அது போகிற வழியெல்லாம் யாரோ பலகாரம் சுடுகிற மாதிரி வாசனை வந்தது.

என் பெயர் ஸ்கொலாஸ்டிகா. எல்லாருக்கும் ஸ்கோலா. சுரங்கம் நடந்த காலத்தில் மாடி வீட்டு உயரத்துக்கு இருக்கும் லாரியில் செம்புப் பாறை ஏற்றி ஓட்டியவள். பொம்பளை ஓட்டுகிறாளாமே என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தூசி தின்றுவிட்டுப் போனார்கள். சுரங்கம் மூடிய பிறகு அங்கே துருப்பிடித்துக் கிடந்த சின்ன லாரி ஒன்றை நானே பிரித்து, நானே பூட்டி, எங்கள் பீராவி ஊருக்கு ஓட்டி வந்தேன். எனக்குத் தலைக்கனம் என்பார்கள். உண்டுதான். அது அந்தப் புதன்கிழமை என் தம்பி உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

ராணுவத்தோடு சண்டை போட்டது போதாதென்று எங்கள் ஆட்களே இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட காலம் அது. என் தம்பி டேமியன் மலைமேல் இருக்கும் தாவுரோ ஊர்ப் பையன் ஒருவனைச் சுட்டுவிட்டான். செத்தவன் பெயர் அலோயிஸ். இருபத்தொரு வயது. அவனுடைய அம்மா பெர்பெத்துவா. எங்களுக்கு நிலம் பெண் வழியில் வருவது. நிலத்துக்காரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் துப்பாக்கி வைத்திருப்பவனும் வாயை மூடிக்கொள்வான். அந்த அம்மா சொல்லி அனுப்பினாள்: "புதன்கெழமை சூரியன் மலைக்குப் பின்னால போறதுக்குள்ள அவன் என் முற்றத்துக்கு வரணும். உயிருக்கு ஈடா ஒரு பன்னியோட, அவன் அக்காவோட. வந்தா உக்காந்து பேசலாம், ஒரே பாக்கைப் பங்கு போட்டுப் பகைய முடிக்கலாம். வரலைன்னா என் புள்ளைங்கள நான் புடிச்சு வைக்க மாட்டேன்."

நடந்து போனால் ஒன்றரை நாள். செவ்வாய்க்கிழமையே நடந்து கிளம்பு என்று ஊரில் எல்லாரும் படித்துப் படித்துச் சொன்னார்கள். லாரி எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். சரி, கொஞ்சம் டீசலாவது கொண்டு போ என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. மலைக்குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடும். அதனால் வண்டியை நிறுத்துவதற்கு முன்னால் கொஞ்சம் டீசலில் ஓடவிட்டுக் குழாயைக் கழுவிவிட்டுத்தான் நிறுத்துவோம். யாரோ கடல்வழியே ஒளித்துக் கொண்டுவந்த டீசல் அரைப் பாட்டில் என்னிடம் இருந்தது. அதை வீட்டிலேயே வைத்தேன். தேங்காயிலேயே ஏறி, தேங்காயிலேயே இறங்கிக் காட்டுகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

புதன்கிழமை காலையில் கிளம்பினோம். பின்னால் பன்றியும் டேமியனும். மலை ஏறி முகட்டுக்குப் போனால் குறுக்கே மூங்கில் கட்டித் தாவுரோக்காரர்கள் ஐந்து பேர் காவல் இருந்தார்கள். தலைவன் பிளேஸ், செத்த அலோயிஸின் சொந்த அண்ணன். ஒரு காலத்தில் சுரங்கத்துப் பட்டறையில் ஃபிட்டர். என்னுடைய பெரிய லாரி படுத்தால் அவன்தான் வந்து எழுப்புவான்.

"யாரு, ஸ்கோலாவா? பன்னிய ஓட்டச் சொல்லிட்டு நீ பின்னால உக்காந்திருக்கலாமே. அது உன்னைவிட நிதானமா ஓட்டும்."

"உங்கம்மா காத்திருக்காங்க. மூங்கிலைத் தூக்கு."

அவன் டேமியன் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. மூங்கிலைத் தூக்கப் போனான். அப்போதுதான் ராணுவ ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது.

"இஞ்சினை நிறுத்து. மரத்தடிக்குத் தள்ளு," என்று கத்தினான் பிளேஸ்.

நிறுத்தினேன். வேறென்ன செய்ய முடியும். ஹெலிகாப்டர் போவதும் வருவதுமாக முகட்டையே சுற்றிக்கொண்டிருந்தது. கூடவே மழை. அந்த உயரத்தில் மழை என்றால் எலும்பு வரைக்கும் குளிரும். மூன்று மணி நேரம் கழித்து ஹெலிகாப்டர் தொலைந்தது. நான் சாவியைத் திருப்பினேன். இஞ்சின் உறுமியது, இருமியது, அடங்கியது. தொட்டியைத் திறந்து குச்சியை விட்டேன். குச்சி நட்ட கம்பம் மாதிரி நின்றது.

"என்ன ஆச்சு?" என்றான் பிளேஸ்.

"உறைஞ்சு போச்சு."

"டீசல் விட்டு நிறுத்தலையா?"

"கொண்டு வரலை."

"ஏன்?"

நான் தொட்டி மூடியைத் திருகினேன்.

"திமிரு," என்று அவனே சொன்னான்.

அங்கிருந்து தாவுரோ நடந்தால் நான்கு மணி நேரம். சூரியன் மலைக்குப் பின்னால் போக இரண்டு மணி நேரம்கூட இல்லை. டேமியன் பன்றியைத் தோளில் போடப் பார்த்தான். "அக்கா, நான் ஓடிப் போறேன்." பன்றி அவனைவிடக் கனம். என்னால், என் வாயால் இவன் சாகப் போகிறான் என்று நினைத்தேன். அழவில்லை. ஸ்பானரை எடுத்து வண்டிக்கு அடியில் படுத்தேன்.

பிளேஸ் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தான். அவன் உட்கார்ந்தே இருந்தால் போதும். யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்க முடியாது. பொழுது போனால், தம்பியைக் கொன்றவன் அவன் கையில்.

கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவனுக்குப் பொறுக்கவில்லை.

"அந்த எண்ணெய்க் குழாயை யாரு சுத்தினது?"

"நான்தான்."

"சைலன்சர்ல ஒரு சுத்துதான் சுத்தியிருக்கே. மூணு சுத்து சுத்தினாத்தான் எண்ணெய் சூடா வரும்னு நாம பிரியறதுக்கு முன்னாலயே தலபாடா அடிச்சுக்கிட்டேனே."

"மூணு சுத்துக்குக் குழாய் உங்க வீட்டுலயா இருக்கு?"

"இருந்தா உனக்குத் தருவேனாக்கும். தள்ளு, நட்டைக் கெடுத்துடுவே."

தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் படுத்துவிட்டான். துப்பாக்கி கட்டை மேலேயே கிடந்தது. ஒரு நட்டைக் கழற்றினான். இரண்டாவதில் கை வைத்தவன் அப்படியே நிறுத்தினான். என்ன செய்கிறோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

நான் மறைக்காமல் சொன்னேன். "பிளேஸ், நீ சும்மா இருந்தாலே போதும். பொழுது தானா போயிடும்."

"தெரியும்."

"அப்புறம்?"

அவன் வண்டியின் அடிவயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். "உன் தம்பிக்காக இல்ல, ஸ்கோலா. அவன் மூஞ்சியப் பாத்தா என் கை துப்பாக்கியத்தான் தேடுது. ஆனா இவனுங்க வண்டி ஓடாது, இவனுங்களால முடியாதுன்னு அந்தக் கரையில ஒருத்தன் ஆறு வருஷமா உக்காந்துருக்கான். அவன் சொன்னது என் கண்ணு முன்னால பலிக்கக் கூடாது." வெளியே தலையை நீட்டிக் கத்தினான். "டேய், குழியைத் திறங்கடா."

நெருப்பு மூட்ட முடியாது. விறகு நனைந்துவிட்டது, புகை எழுந்தால் ஹெலிகாப்டர் திரும்பி வரும். ஆனால் காவல்காரர்கள் நாங்கள் வருவதற்குச் சற்று முன்னால் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் குழி தோண்டி, பழுக்கக் காய்ச்சிய கற்களுக்கு நடுவே கிழங்கை வைத்து, வாழையிலை மூடி மண் போட்டிருந்தார்கள். கல் இன்னும் சூடாகத்தான் இருக்கும்.

"அண்ணே, கெழங்கு இன்னும் வேகல."

"வேகாததைத் தின்னு. கல்லைக் கொண்டா."

கல்லை வாழையிலையில் சுற்றி, ஈரச் சாக்கில் பொதிந்து தொட்டிக்கு அடியில் அண்டை கொடுத்தோம். குழாயை ஒட்டி வைத்த கல்லுக்கு முட்டுக்கொடுக்க இடமில்லை. யாராவது அதைக் கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் மேலே சாவியோடு இருந்தேன். பிளேஸ் கீழே குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். யாரும் சொல்லாமலே டேமியன் போய் அவன் பக்கத்தில் மல்லாந்து படுத்தான்.

"இன்னும் மேல புடி," என்றது பிளேஸின் குரல்.

"சுடுதுண்ணே."

"சுடட்டும். விட்டுடாத."

"விடல."

அந்த இரண்டு பேரும் அதற்குமுன் பேசிக்கொண்டதே கிடையாது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. இலை கருகுகிற வாசனை வந்தது. "அடி," என்று பிளேஸ் கத்தினான். சாவியைத் திருப்பினேன். இஞ்சின் இருமியது, மறுபடியும் இருமியது, பிடித்துக்கொண்டது. மற்ற நான்கு காவல்காரர்களும் ஊளையிட்டுக் குதித்தார்கள். எந்த ஊர்க்காரன் எந்த ஊர் வண்டிக்குக் குதிக்கிறான் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. எங்களைப் போல ஒரு சனம் உண்டா என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிளேஸ் பின்னால் ஏறிக்கொண்டான். பள்ளத்திலும் மேட்டிலும் நான் ஓட்டிய ஓட்டத்தில் பன்றி தாவுரோ வரைக்கும் அலறியது.

ஆனாலும் பிந்திவிட்டோம். ஊருக்குள் நுழையும்போதே மலையின் நிழல் முற்றம் முழுவதும் விழுந்திருந்தது. ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். ஆண்களில் பாதிப் பேர் கையில் துப்பாக்கி. நடுவில் பாய் போட்டுப் பெர்பெத்துவா அம்மா உட்கார்ந்திருந்தாள். நான் இறங்கி அவள் முன்னால் போய் நின்றேன்.

"அம்மா, பொழுது போயிடுச்சு. தப்பு என்னுது. டீசல் எடுக்காம வந்தது என் திமிரு. இவன் மேல அதைப் போடாதீங்க."

அவள் என்னைப் பார்க்கவில்லை. லாரியிலிருந்து இறங்குகிற மகனைப் பார்த்தாள்.

"யாரு இவங்களைக் கூட்டிட்டு வந்தது?"

"நான்தாம்மா," என்றான் பிளேஸ்.

எண்ணெய் படிந்த அவன் கையைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "பொழுது போச்சுன்னு உனக்கு யாரு சொன்னா? மத்தியானத்துலருந்து நான் மலைக்கு முதுகக் காட்டித்தான் உக்காந்துருக்கேன். திரும்பவே இல்ல." கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். "இங்க யாராவது பாத்தீங்களா, சூரியன் போனத?"

முற்றம் பூராவும் நிழல். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

டேமியன் போய் அவள் முன்னால் முழங்காலிட்டான். அவள் மடியிலிருந்து ஒரு பாக்கை எடுத்துப் பல்லால் பிளந்து, பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மறுபாதியை நீட்டினாள். அவன் இரண்டு கையையும் ஏந்தினான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அதைப் பார்த்துவிட்டு, பாக்கை அவன் வாயிலேயே வைத்தாள்.